ஏறுகிற மரம் நிற்கும்: உடன்குடியிலிருந்து சித்தூர் வரை

திங்கள், உடன்குடி

கள் இறக்கத் தடை இருக்கும் தமிழ்நாட்டிலும் அனுமதி இருக்கும் கேரளத்திலும் மரம் ஏறுகிறவர்களைப் பார்க்க ஒரு வாரம் கிளம்பினேன். பனையேறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். திருச்செந்தூரில் வண்டி பிடித்து உடன்குடி தாண்டிப் போனபோது குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருந்தது. தேரி என்றால் செம்மணல் மேடு. கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உடனே குடித்துவிடும். அந்த மண்ணில் ஒருவரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் அறுபது எழுபது அடி உயரத்துக்குப் பனைகள் நிற்கின்றன. நடுவே உடைமரங்கள், அங்கங்கே கொல்லாமரம் என்கிற முந்திரி.

எனக்காகக் காத்திருந்த பனையேறிக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். "வாங்க தம்பி" என்றவர் அடுத்த நிமிடம் மரத்தில் இருந்தார். அடியில் முருக்குத்தடி என்கிற தாங்குகட்டையைச் சாய்த்து அதன் மேல் ஏறி நின்று, இரண்டு பாதத்திலும் தளைநார் என்கிற நார் வளையத்தை மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஒரே சீராக ஏறினார். மேலிருந்து குரல் வந்தது: "அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காதீய, பாளைச் சீவல் கண்ணுல விழுந்துரும்." சொல்லி வாய் மூடவில்லை, தோளில் வந்து விழுந்தது ஒரு சீவல், பனையின் பூங்குலையான பாளையின் மெல்லிய துண்டு. கையில் எடுத்துப் பார்த்தேன். வெற்றிலைக் கனம்தான். ஈரமாக, ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. இந்தச் சீவலின் கனத்தில்தான் மொத்தத் தொழிலும் அடங்கியிருக்கிறது. கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், ரொம்ப மெலிதாகச் சீவினால் அடைபட்ட கண் திறக்காது, பதநீர் ஊறாது.

கீழே இறங்கி வந்ததும் அருவாப்பெட்டியைக் கழற்றிக் காட்டினார். பாளை அருவாள், பக்கத்தில் கடிப்பு. கடிப்பு என்பது இடுக்கி மாதிரி இணைத்த இரண்டு மரக்கட்டை. பாளை வெளியே வந்ததும் அதை முதலில் கடிப்பில் வைத்துச் சில நாள் பதமாக நசுக்க வேண்டும். ஆண் பனையில் விரல் விரலாக நீண்டிருக்கும் அலகுகளை நசுக்கிச் சேர்த்துக் கட்ட வேண்டும். பெண் பனையில் குரும்பை என்கிற பிஞ்சு முற்றுவதற்குள் கை வைத்தாக வேண்டும். அதன் பிறகு நுனியைச் சீவச் சீவ, ஒரு வாரம் பத்து நாளில் சொட்டத் தொடங்கும். சொட்ட ஆரம்பித்த பாளையை ஒரு நாள் கூடச் சும்மா விடக் கூடாது. காலையில் ஏறி இறக்கிச் சீவ வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். கல்யாணமோ சாவோ, மரம் காத்திருக்காது. "முந்தி நாப்பது மரம். இப்ப இருவத்தஞ்சோட நிறுத்திட்டேன்" என்றார். இருபத்தைந்து மரம், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை. மனதுக்குள் அடிகளைக் கூட்டிப் பார்த்து மலைத்துவிட்டேன்.

அவருடைய நெஞ்சின் நடுவில் காய்ப்புக் காய்த்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே "மரம் போட்ட முத்திரை" என்றார்.

பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். பச்சைக் குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். முதலில் இனிப்பு, அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாகச் சுண்ணாம்பு. கலயத்தை மரத்தில் கட்டும் முன் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதுதான் ஊறல் புளிக்காமல் தடுக்கிறது. பாளையிலிருந்து வருவது சுத்தமான சர்க்கரைத் தண்ணீர், நூறு பங்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி வைத்தால் அவை பெருக முடியாது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே நுரைக்க ஆரம்பித்துவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். அதுதான் கள்.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் அனுமதி பெற்ற தொழிலாளி, இல்லாவிட்டால் குற்றவாளி. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் இதுதான் சட்டம்.

செவ்வாய், விடிலி

நேற்று இறக்கிய பதநீர் எங்கே போகிறது என்று பார்க்க இன்று விடிலிக்குப் போனேன். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் இடம், பனை ஓலை வேய்ந்த சிறு குடிசை. குனிந்து உள்ளே போனால் புகை கண்ணைக் கரிக்கிறது. அடுப்பில் பெரிய அண்டா. துடுப்போடு நின்றவர் பனையேறியின் மனைவி. வெளியே இருந்து பேசினால் அவருக்குக் கேட்காது என்பதால் நானும் அடுப்போரம் உட்கார்ந்தேன்.

"ஏறுறவருக்கு வேல காலைலயும் சாயங்காலமும். எனக்கு நடுவுல" என்று ஆரம்பித்தார் அக்கா. பதநீரை வடிகட்டி, கொதி வந்ததும் நுரை பொங்காமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுகிறார். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எரிய வேண்டும். தண்ணீராக இருந்தது மெல்லப் பழுப்பாகி, குமிழி பெரிதாகி, துடுப்பில் கனக்கத் தொடங்கும். பதம் பார்ப்பது கண்ணால் அல்ல, கையால். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டது. உடனே இறக்கி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். ஆறினதும் தட்டினால் வட்டு வட்டாகக் கருப்பட்டி.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உழைப்பின் பாதி இந்தப் புகையில் கிடக்கிறது. அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. மரத்தில் ஏறுகிற ஆணைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறோம்.

என் மனதில் தங்கிப்போனது விறகுதான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். மீதியெல்லாம் ஆவியாகப் போக வேண்டும். அதற்குத் தீனி காய்ந்த மட்டை, பன்னாடை, உடைமுள், வாங்கிப் போட்ட விறகு. விடிலிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். "சீசன் முடியறதுக்குள்ள இது பத்தாது" என்றார் அக்கா. கருப்பட்டி விறகையும் நேரத்தையும் நிறையத் தின்கிறது. ஆனாலும் அதை விட்டால் வேறு வழியில்லை. பதநீரை அன்றைக்கே விற்றாக வேண்டும், வெயில் ஏறினால் அதுவும் கெடும். விற்காமல் மிஞ்சியதை அடுப்பில்தான் ஏற்றியாக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கருப்பட்டியோடு சந்தையில் போட்டி போடுவது வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி. பாதி விலைக்குக் கொடுப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாயில் போட்டால் அக்காவுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

கள் இறக்க அனுமதி இருந்தால் இந்த வீட்டில் என்ன மாறும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "விறகு மிச்சம். எங்கண்ணும் மிச்சம். ஆனா குடிச்சிட்டு விழுந்து கெடக்கிற ஆம்பளைய யாரு பாப்பா?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

புதன், சாயல்குடி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்தாயிற்று. சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை பார்க்கப் பார்க்க முடிவில்லாமல் போகிறது. ஆனால் உடன்குடியில் பார்த்த பனை வேறு, இது வேறு. ஏறுகிற பனையில் காய்ந்த ஓலையைக் கழித்து, பாளைக்குப் போக வழி செய்து வைத்திருப்பார்கள். கொண்டை சுத்தமாக இருக்கும். ஏறாத பனையில் காவோலைகள் அப்படியே மடிந்து மடிந்து தொங்கும். பேருந்தில் உட்கார்ந்தபடியே எந்தத் தோப்பில் ஆள் ஏறுகிறார்கள், எதில் ஏறவில்லை என்று சொல்லிவிடலாம். சாயல்குடிக்கு வரும் வழியில் கண்ணில் பட்டதில் பெரும்பாலும் காவோலைதான்.

தேநீர்க் கடையில் ஒரு தோப்புக்காரர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய நிலத்தில் தாத்தா காலத்துப் பனைகள். ஏறுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுப்பவரும் இல்லை. "வருசம் பூரா நிக்குது. எனக்கு அதுனால ஒரு பைசா வரலை" என்றார். வருவது ஒரே ஒருவர்தான், செங்கல் சூளைக்கு விறகு எடுக்கும் வியாபாரி. பனையின் வைரம் நன்றாக நின்று எரியும். சாலையோரம் துண்டு துண்டாக அறுத்துக் கிடந்த பனைகளைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன். அறுத்த முகத்தில் கருப்பு நார்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

தென்னையை நட்டவன் தின்னுட்டுச் சாவான், பனையை நட்டவன் பாத்துட்டுச் சாவான் என்பார்கள். பனை பாளை விடவே பன்னிரண்டிலிருந்து இருபது ஆண்டு வரை ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று கூடச் சொல்ல முடியாது. ஆனால் பாளை விட்ட பிறகு நூறு ஆண்டு நிற்கும், தலைமுறை தலைமுறையாகச் சொட்டும். இப்படிப்பட்ட மரத்தை அறுப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

பனை 1978-இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் அரசு வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நல்ல காரியம். கண்மாய்க் கரைகளில் இளைஞர்கள் விதை ஊன்றுகிறார்கள், அதையும் மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் இன்று ஊன்றும் விதையில் ஏற ஆள் வேண்டுமென்றால், இன்று நிற்கும் மரத்தில் ஏறுகிறவருக்கு வருமானம் இருக்க வேண்டும். அந்தத் தோப்புக்காரரிடம் போய் மாநில மரத்தை வெட்டாதீர்கள் என்று சொன்னேன். "நீங்களே வந்து ஏறுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேறு பதில் அவரிடம் இல்லை.

மதுவிலக்கின் கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937-இல் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கு வந்தது. பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள். 1981-இல் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன, 1987-இல் இரண்டும் போயின. கள்ளையும் சாராயத்தையும் எப்போதும் ஒரே மூட்டையில் கட்டியே ஏற்றினோம், ஒரே மூட்டையாகவே இறக்கினோம். சாராயம் காய்ச்சி வடிப்பது. கள் தானாகப் புளித்த ஊறல், அதில் ஆல்கஹால் பெரும்பாலும் நாலைந்து சதவீதம். இரண்டையும் ஒன்றாகத் தடைசெய்துவிட்டு, காய்ச்சி வடித்த சரக்கை மட்டும் அரசே கடை வைத்து விற்கிறது. இதற்கு ஒரு நியாயத்தை எவ்வளவு யோசித்தாலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளுக்கு எதிராகப் பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். அன்றைக்கு அது ஒரு தியாகம். குடியால் சிதைந்த குடும்பங்களை நேரில் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது, அதை இன்றிருந்து குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அப்போது மரத்தை வெட்டியது குடியை நிறுத்த. இப்போது குடி நிற்கவில்லை, மரம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

வியாழன், வழியில்

மதுரை, பழனி, பொள்ளாச்சி. பகல் முழுக்கப் பேருந்து. எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஜன்னலோரம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றுதான். பனைவகை மரத்திலிருந்து மது எடுப்பது உலகம் முழுக்க இருக்கிறது, எடுக்கும் விதம்தான் வேறு. கானாவில் எண்ணெய்ப்பனையை அடியோடு சாய்த்து, படுத்த தண்டில் குழி வெட்டிச் சில வாரம் ஊறலை எடுக்கிறார்கள். நைஜீரியாவில் அதே மரத்தில் நின்ற நிலையிலேயே ஏறி எடுக்கிறார்கள். சிலி நாட்டுப் பனையை ஊறலுக்காக வெட்டி வெட்டியே அருகிப்போகச் செய்துவிட்டார்கள். ஈச்ச மரத்தில் கழுத்துப் பகுதியைச் சீவி எடுப்பார்கள், தண்டில் வடு விழும். நம் பனையேறி தொடுவது பாளையை மட்டும். குருத்துப் பக்கம் அருவாள் போகாது. பனைக்கு உயிர் ஒரே குருத்தில்தான். அது போனால் மரம் போயிற்று, பக்கக் கிளை விட்டுப் பிழைக்காது. பாளையோ ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. மரத்தை அழிக்காமல் மரத்திலிருந்து எடுப்பது எப்படி என்று நம் ஆட்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி, கொழிஞ்சாம்பாறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டினால் பாலக்காடு மாவட்டம். இந்தப் பக்கமும் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை. வேலியை எடுத்துவிட்டால் எந்த மாநிலம் என்று தெரியாது. பேச்சும் பெரும்பாலும் தமிழ்தான். ஆனால் அந்தப் பக்கத்துத் தென்னைகளின் தண்டில் பெயின்ட்டால் எண் எழுதியிருக்கிறது. கள் இறக்க அனுமதி பெற்ற மரம் என்று அடையாளம். சித்தூர் வட்டத்தின் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் போகிறது. விடிந்ததும் வண்டிகளில் கேன் கேனாக ஏற்றி, அளவும் அனுமதிச் சீட்டும் சரிபார்த்து அனுப்புகிறார்கள்.

தென்னையில் வேலை வேறு மாதிரி. விரியாத பாளையைச் சுற்றி இறுக்கக் கட்டி, எலும்பில் செய்த தட்டுகோலால் நாள்தோறும் தட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். டொக் டொக் என்று ஒரே தாளம். ஓங்கி அடித்தால் உள்ளே பூ நசுங்கி அழுகிவிடும், மெதுவாகத் தட்டினால் ஊறல் இறங்காது. "இது கைக்குத்தான் தெரியும், சொல்லித் தர முடியாதுங்க அண்ணா" என்றார் தட்டிக்கொண்டிருந்த இளைஞர். கோவைப் பக்கத்து 'ங்க' அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டு வாரம் போல இப்படித் தட்டி, நுனியைச் சீவி, வெட்டுவாயில் களிமண் பூசி, அதன் பிறகு குடுவை கட்டுகிறார்கள். ஏறுவதற்குத் தண்டில் தேங்காய் மட்டைகளைப் படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த இளைஞருக்கு வயது இருபத்தெட்டு. உடன்குடியிலும் சாயல்குடியிலும் ஐம்பதுக்குக் கீழே ஒரு பனையேறியை நான் பார்க்கவில்லை. ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். மாத வருமானம், வருங்கால வைப்பு, விழுந்தால் உதவி, வயதானால் ஓய்வூதியம் என்று அடுக்கினார். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பின்னால் 2021-இல் கள்ளுத் தொழிலுக்கென்று தனி வாரியத்துக்கும் சட்டம் போட்டார்கள். "பொண்ணு பாக்கப் போனப்ப இந்த வேலைன்னு சொன்னதும் யோசிச்சாங்க. பென்சன் இருக்குன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க" என்று சிரித்தார்.

தோப்பு உரிமையாளரும் வந்து உட்கார்ந்தார். தேங்காய் விலை விழுந்த ஆண்டுகளில் இந்த மரங்கள்தான் தன்னைத் தாங்கின என்றார். கள் இறக்கும் மரத்தில் காய் பிடிக்காது, அதற்கு ஈடாக மரத்துக்கு இவ்வளவு என்று பணம் வந்துவிடும். எல்லா மரத்தையும் ஒரே சமயத்தில் கொடுப்பதில்லை. ஆறு மாதம் இறக்கினால் அப்புறம் ஆறப் போட்டுக் காய்க்க விடுகிறார். "தொடர்ந்து இறக்குனா மரம் இளைச்சுப் போயிரும். வெட்டுவாய்க்குக் கூன்வண்டு வேற வரும்." எண் போட்ட மரத்தை வெட்ட நினைத்ததுண்டா என்றேன். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

ஆனால் தண்ணீர். தோப்பு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி 2004-இல் குளிர்பான ஆலை நின்றுபோன ஊர். அந்த அளவுக்கு இது வறண்ட பகுதி. கோடையில் தென்னைக்கு ஊற்றாவிட்டால் கள் வற்றும். தேரிக்காட்டுப் பனைக்கு அந்தக் கவலை கிடையாது. தண்ணீரும் வேண்டாம், கள்ளாக இறக்கினால் விறகும் வேண்டாம் என்கிற மரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் கள் இறக்கத்தான் அனுமதி இல்லை.

சனி, சித்தூர்

கள்ளுக் கடை. கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் கள்ளு என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. உள்ளே நாலைந்து பெஞ்ச், சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை. ஒரு மூலையில் குடும்பத்தோடு வந்து கப்பையும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலையில் இறக்கிய கள் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பாட்டிலில் வெளுப்பாக, மேலே மெல்லிய நுரையோடு வந்தது. இனிப்பு போகவில்லை, அடியில் லேசான புளிப்பு, நாக்கில் சுறுசுறு. பக்கத்தில் இருந்தவர் நேற்றைய கள் குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு மடக்கு வாங்கிக் குடித்தேன். இனிப்பு முழுக்கப் போய், புளிப்பும் காரமும் ஏறியிருந்தது. இறக்கிய சில மணி நேரத்திலேயே சாராயச் சத்து, அதாவது ஆல்கஹால், நாலு சதவீதம் வரை வந்துவிடும். நேரம் போகப் போகச் சர்க்கரை குறையும், சத்து ஏறும், லாக்டிக் பாக்டீரியாவின் புளிப்பு சேரும். இன்னும் விட்டால் அசிட்டிக் பாக்டீரியா வந்து வினிகர் ஆக்கிவிடும். தென்னங்கள்ளின் சாராயச் சத்துக்குக் கேரளத்தில் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் இருந்தால் வெளியிலிருந்து எதையோ கலந்திருக்கிறார்கள் என்று பிடிப்பார்கள்.

கலப்படம் இங்கே நிஜமான பிரச்சினை, மறைக்க ஒன்றுமில்லை. மரத்தில் இறங்குவதைவிடக் கடையில் விற்பது அதிகம் என்ற புகார் பழையது. தெலங்கானா, ஆந்திரப் பக்கம் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்து ஆட்களைச் சாகடித்திருக்கிறார்கள். கள் ஒரு நாள் சரக்கு. தூரம் போகப் போக, கைகள் மாற மாற, எதையாவது கலக்க வேண்டிய தேவை கூடும். மரத்தடியிலோ பக்கத்து ஊரிலோ அன்றைக்கே விற்றுத் தீரும் கள்ளில் கலப்படத்துக்கு இடம் குறைவு. தமிழ்நாட்டில் அனுமதி கேட்பவர்கள் ஏலக் கடையைக் கேட்காமல், ஏறுகிறவரே தன் கள்ளை விற்கும் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே கடையைப் பார்த்த பிறகு அது இன்னும் உறுதிப்பட்டது.

கடைக்கு எதிர்த்த சாலையில் ஸ்ரீ நாராயண குருவின் படம் இருந்தது. கள்ளிறக்கும் தொழிலில் பலர் இருந்த ஈழவர் சமூகத்திடம், மது விஷம், அதை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்று சொன்னவர் அவர். விடிலியில் அக்கா கேட்ட கேள்வியும் அதுவேதான். இந்தத் தொழிலைச் செய்தவர்களைத் தலைமுறைகளாகக் கீழாக நடத்தினார்கள், மரம் ஏறுகிறவன் என்பதையே வசவாக்கினார்கள். படித்து வெளியே போன பிள்ளைகள் திரும்பி வராததற்கு உயரம் மட்டும் காரணமில்லை. எனவே அனுமதி மட்டும் கொடுத்தால் மரம் பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. கொழிஞ்சாம்பாறை இளைஞருக்கு இருப்பது வேலைக்கான மதிப்பு. சம்பளச் சீட்டும் ஓய்வூதியமும் அதைக் கொடுத்திருக்கின்றன. குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் கடை கொடுத்திருக்கிறது.

ஞாயிறு, பொள்ளாச்சி

திரும்பும் வழி. சாவடிக்கு இந்தப் பக்கத் தோப்பொன்றில் நீரா இறக்கும் குழுவைப் பார்த்தேன். தென்னை ஊறலைப் புளிக்காமல் குளிர்பெட்டியில் இறக்குவது நீரா. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி உண்டு. மரத்தின் மேல் பனிக்கட்டி வைத்த பெட்டி, கீழே குளிர்சாதனம், எடுத்துப் போகக் குளிர்வண்டி. புளித்துவிட்டால் சட்டப்படி அது கள். தானாகவே நடக்கும் ஒரு காரியத்தை நடக்க விடாமல் தடுப்பதற்கு இவ்வளவு மின்சாரமும் முதலும் போகிறது. குழுவில் இருந்த விவசாயி ஒருவர், "குளிர்பெட்டி வாங்குன கடன்தாங்க முதல்ல அடையணும்" என்றார்.

மாலையில் உடன்குடிப் பனையேறி அண்ணாச்சிக்கு போன் செய்தேன். கேரளத்தில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓய்வூதியம் எத்தனை வயதில் தருகிறார்கள், விழுந்து இடுப்பு ஒடிந்தால் எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் கேட்டார். அந்த நல நிதியின் விவரங்களை எழுதி அனுப்பச் சொன்னார். ஊரில் மீதி இருக்கும் பனையேறிகளைக் கூட்டிப் பேச வேண்டுமாம்.

இந்தத் தடத்தில் அடுத்து நான் பார்க்க வேண்டிய இடம் யாழ்ப்பாணம். அங்கே கள் இறக்குவது சட்டப்படியான தொழில். பனைக்கென்று 1978-இலிருந்து ஓர் அபிவிருத்திச் சபை இருக்கிறது. சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தங்கள் கள்ளைத் தாங்களே விற்கிறார்கள், போத்தலிலும் அடைக்கிறார்கள். போரில் பனைகளை அவ்வளவு இழந்த பிறகும் தொழில் நிற்கவில்லை. ஏறுகிறவரே விற்கும் முறை நடைமுறையில் எப்படி ஓடுகிறது, சங்கத்துக்கு எவ்வளவு, தொழிலாளிக்கு எவ்வளவு என்று நேரில் கேட்க வேண்டும். ஆடிக்குள் சீசன் அடங்கிவிடும், அதற்கு முன் போக வேண்டும். அந்தப் பக்கம் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள்.